மாப்பிள்ளை பக்கத்துக் கதிரையில் என் தம்பி

என் தம்பி தன் ஐம்பத்திரண்டு வருட வாழ்க்கையில் ஒருநாளும் சொந்தக் காலில் நடக்கவில்லை. நடப்பவர்கள் தடுக்கி விழுவதைப் பார்ப்பதுதான் அவனுடைய முதன்மையான பொழுதுபோக்கு. பிறக்கும்போதே வந்த மூளை முடக்குவாதம். கைகள் அவன் சொல்வதைக் கேட்கமாட்டா. சொற்கள் வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றிய பிறகே வெளியே வரும். அறிவில் மட்டும் ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டுக்கு அதுதான் பெரிய தொல்லை.

நயினாதீவு இறங்குதுறையில் அவனுடைய சக்கர நாற்காலிக்கென்று ஓர் இடம் இருந்தது. படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதைக் கடக்கும் விதத்தில்தான் ஆட்களின் தரம் தெரியும் என்பது அவன் கொள்கை. தேநீர்க் கடைக்காரரோடு ஒரு பிளேன்ரீக்குப் பந்தயம் கட்டுவான்.

“உந்தச் சரிகைச் சீலை அக்கா தடக்குவா.”

“இல்லையடா, அவ கெட்டியா நிக்கிறா.”

“கெட்டியா நிக்கிறவைதான் தடக்கிறது.”

சரிகைச் சீலை அக்கா தடக்குவார். அவன் கழுத்து ஒருபக்கம் சரிய, உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பான். விழுந்தவர் கோபத்தோடு திரும்பி அவனைக் கண்டதும், கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார். அந்தச் சலுகையை அவன் கூச்சமில்லாமல் அனுபவித்தான். கோயிலுக்கு வந்தவர்கள் பரிதாபப்பட்டு வாழைப்பழம் கொடுத்தால், உரித்து ஊட்டச் சொல்லிவிட்டு இன்னொன்று கேட்பான்.

என் மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியபோது, அவனிடம் ஓர் ஆசை இருந்தது. கலியாண மண்டபத்தில் பட்டு வேட்டி கட்டி, பொம்பிளையின் சித்தப்பாவாகச் சபையில் இருக்க வேண்டும். அவள் பிறந்த நாளிலிருந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக முப்பத்தைந்து வருடம் மனுக்களோடு வாழ்ந்தவன் நான். அவன் என்னிடம் வைத்தது அந்த ஒரே மனுதான்.

முதலில் வந்த இரண்டு மாப்பிள்ளை வீட்டாரும் விறாந்தையில் அவனைப் பார்த்தார்கள். “பிறப்பிலேயோ?” என்று கேட்டார்கள். பிறகு சாதகம் பொருந்தவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். பொருந்தியபடியால்தான் வந்திருந்தார்கள். எனவே கனடாவிலிருந்து மூன்றாவது இடம் வந்தபோது, நானும் மனைவியும் தம்பியை அன்றைக்கு வீட்டில் வைத்திருப்பதில்லை என்று முடிவு செய்தோம். அவனிடம் நானே சொன்னேன்.

“அப்ப நான் இல்லாத ஆள்?”

“ஒரு நாளைக்குத்தான்.”

“சரி அண்ணை. நான் வடிவா இல்லாமல் இருப்பன்.”

திட்டத்தை நான் தாளில் எழுதினேன். காலைப் படகில் தம்பி எதிர்க்கரையில் உள்ள குறிகட்டுவானுக்குப் போவான். அங்கிருந்து ஓட்டோவில் புங்குடுதீவு மச்சாள் வீடு. மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிப் படகில் இங்கே வருவார்கள். அவர்கள் திரும்பிய பிறகு அவன் வருவான். ஒரு கோப்புக்குரிய ஒழுங்கு அதில் இருந்தது. ஓட்டோக்காரருக்கு யாழ்ப்பாணம் வரை ஒரு நல்ல ஓட்டம் கிடைக்குமென்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை. அவர் தம்பியைக் குறிகட்டுவான் இறங்குதுறையின் நிழலில் விட்டுவிட்டு, “இப்ப வாறன்” என்று போய்விட்டார். நயினாதீவுக்கு வரும் எவரும் அந்த நிழலில் நின்றுதான் ஆகவேண்டும். தீவில் பிறந்து வளர்ந்த நான், ஒருவனை ஒளிப்பதற்கு அந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்குள் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் ஒரு சப்பாத்து நனைந்திருந்தது.

“அங்காலை ஒரு ஐயா வண்டிலில இருந்தவர்,” என்றார் மாப்பிள்ளையின் தாயார். “இவன் படகில ஏறேக்கை விழுவான் எண்டு பந்தயம் பிடிச்சவர். விழுந்திட்டான். பிறகு எங்கை போறியள் எண்டு கேட்டவர். உங்கடை வீட்டைச் சொன்னனாங்கள்.”

என் மனைவி குசினி வாசலில் தட்டத்தோடு அப்படியே நின்றாள்.

“நல்ல ஆக்களாம். பிள்ளை தங்கமாம். தேப்பன் மட்டும் கொஞ்சம் சட்டம் கதைப்பாராம், காதைக் குடுத்துக்கொண்டு இருந்தால் சரியாம்.” தாயார் என்னை நேராகப் பார்த்தார். “ஆர் அண்ணை அவர்?”

நான் நிதானமாகத்தான் சொன்னேன். “குறிகட்டுவானில உப்பிடிக் கனபேர் இருப்பினம். ஆரெண்டு தெரியேல்லை.”

தேநீர் கொண்டுவந்த மகள் அதைக் கேட்டாள். தட்டத்தை ஒரு துளி சிந்தாமல் நீட்டினாள்.

சம்பந்தம் சரிவந்தது. தம்பிக்கு அதில் என்னைவிடப் பெருமை. மாப்பிள்ளை விழுந்த விதத்தை ஒரு கிழமை முழுக்க நடித்துக் காட்டினான். பிறகு மாப்பிள்ளையின் தாயார், இறங்குதுறையில் தேடிக் கொடுக்கச் சொல்லி ஓர் அழைப்பிதழை எனக்கே அனுப்பினார். உறையின் மேல், “குறிகட்டுவான் ஐயாவுக்கு” என்று எழுதியிருந்தது. நல்ல வார்த்தை சொன்ன மனிதர், எங்கள் பக்கத்து ஆளாக வரட்டும், வாகனமும் நாங்களே அனுப்புகிறோம் என்று தொலைபேசியில் சொன்னார். மறுப்பதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. காரணம் சொன்னால் முதல் பொய்யைத் திருத்த வேண்டும்.

தம்பியிடம் உறையைக் காட்டினேன். “அங்கை என்னைத் தெரியாத மாதிரி இருக்கோணும்,” என்றேன்.

“உங்களைத் தெரியாது. உங்கடை குணம் தெரியும்,” என்றான். பட்டு வேட்டிக்கு இடுப்பளவு எடுக்கச் சொன்னான்.

எங்கள் சொந்தங்களுக்கும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவைத்துவிட்டு, மண்டப வாசலில் பொம்பிளையின் தகப்பனாகச் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன். மாப்பிள்ளையின் உறவுக்காரர் ஒருவர் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“வாங்கோ,” என்றேன்.

“வணக்கம் ஐயா. பொம்பிளையின்ரை தேப்பனோ? முகத்தில கவலை தெரியுது. எல்லாம் நல்லா நடக்கும்.”

நான் சந்தனம் வைக்கும்போது அவன் தலை வெட்டி இழுத்தது. பொட்டு மூக்கில் விழுந்தது. துடைக்க அவனுக்குக் கை வராது. அவனுக்குப் பின்னால் வந்தவர்களை நான் வரவேற்க வேண்டியிருந்தது.

அவன் மூக்கில் சந்தனத்தோடு மாப்பிள்ளையின் தாயாருக்குப் பக்கத்தில் இருந்தான். இரண்டு பேரும் சடங்கு முழுக்கக் குசுகுசுத்துச் சிரித்தார்கள். எனக்கு மந்திரம் ஒன்றும் காதில் ஏறவில்லை. மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடும் நேரம் வந்தது. பொம்பிளை பக்கத்துச் சொந்தங்களை முறைப்படி அழைத்தேன். சித்தப்பா முறை வந்தபோது அடுத்த முறைக்குப் போனேன். பிறகு அவனை மாப்பிள்ளை வீட்டார் மேடைக்குத் தூக்கினார்கள். நடுங்கும் கையிலிருந்த அரிசியில் பாதி ஐயருக்குப் போனது. மகளுக்குக் கண்ணீர் வழிந்தது. ஓமப்புகை என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அவள் “சித்தப்பா” என்று சொல்லவில்லை. அவளை நான் ஒழுங்காகத்தான் வளர்த்திருந்தேன்.

அவள் கனடா போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துப் பேசுவோம். சம்பந்தி அம்மாவும் வந்து கதைப்பார். அதனால் தொலைபேசி அடித்ததும் முதல் வேலையாகத் தம்பியைக் குசினிக்குத் தள்ளிவிடுவேன். அவன் ஒருநாளும் மறுக்கவில்லை. “கெதியாத் தள்ளுங்கோ, மனிசி பாத்திடும்,” என்று தானே அவசரப்படுத்துவான். உள்ளேயிருந்து அவன் சிரிப்பது கேட்கும். பொரித்த மீன் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருடம் இப்படிப் போனது.

போன மாரிக்காலத்தில் அவனுக்கு நெஞ்சுச் சளி. படகுக்கு ஏற்றும்போது, தூக்கியவர்களில் ஒருவர் தடக்கினார். தம்பி அதற்கும் சிரித்தான். யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலமானான்.

மரண அறிவித்தலை நானே எழுதினேன். இன்னாரின் மகன், இன்னாரின் சகோதரன், இன்னாரின் மைத்துனன் என்று எல்லா முறையும் வைத்தேன். பெறாமகள், அதாவது அண்ணன் மகள், என்ற இடத்தை விட்டுவிட்டேன். என் பெயரை முதலெழுத்து மாற்றிப் போட்டேன். வெளிநாட்டில் எங்கள் சனம் காலையில் முதலில் திறப்பது மரண அறிவித்தல் இணையத்தளத்தைத்தான் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை சம்பந்தி அம்மா எடுத்தார்.

“அண்ணை, அறிவித்தலில என்ரை மருமேளின்ரை பேர் இல்லை.”

மேசையில் கிடந்த அறிவித்தல் நகலை எடுத்துப் பார்த்தேன்.

“அண்டைக்குப் படகிலேயே எங்களுக்குத் தெரியும். படகோட்டின பெடியன் சொன்னவன், அது பொம்பிளையின்ரை சித்தப்பா எண்டு. தெரிஞ்சுகொண்டுதான் ஆரெண்டு உங்களைக் கேட்டனான்.”

“பிறகேன் சம்பந்தம் செய்தனீங்கள்?”

“அவரின்ரை குடும்பம் எண்டுதான். உங்கடை எண்டு இல்லை. வாசலில வைச்சாவது சொல்லுவியள் எண்டு பாத்தனாங்கள். அதுக்குத்தான் அழைப்பிதழ். அவர் வாகனத்தில வரேக்கையே சொன்னவர், அண்ணை சொல்லமாட்டார் எண்டு. பந்தயத்தில நான் தோத்திட்டன்.”

மண்டபத்தில் இரண்டு பேரும் என்னத்துக்கு அவ்வளவு சிரித்தீர்கள் என்று கேட்டேன்.

“அதைச் சொல்ல ஏலாது,” என்றார். “ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு அவருக்குச் சொன்னனான். நீங்கள் பிள்ளையின்ரை பேரைப் போடுங்கோ. எங்கடை பேரையும் போடுங்கோ.”

அறிவித்தலைத் திருத்துவதற்குரிய படிவத்தை அன்றே நிரப்பி அனுப்பினேன். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில், “தவறுதலாக விடுபட்டது” என்று எழுதினேன்.