பிட்ஸ்பர்க் பெருமாளும் நாலாவது இடமும்

ஐஸ் ஹாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மகளின் பின்னந்தலையைப் பார்த்தபடி கற்றுக்கொண்டது. எண்பதுகளில் நாங்கள் நியூ ஜெர்சியில் இருந்தோம். தினமும் காலையில் ஸ்கூல் பஸ் வருவதற்கு முன் அவளைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை பின்னிவிடுவேன். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி. ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் பெட்டியில் பாதி அவளுடைய சீயக்காய்க்குத்தான். மற்ற நேரமெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் பெண், பின்னும்போது மட்டும் வாய் ஓயாமல் பேசுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் எந்த விளையாட்டைப் பற்றியும் கேட்கத் தயாராக இருந்தேன்.

ஹாக்கி லீகில் எங்கள் டிவிஷனில் ஆறு டீம். நியூ யார்க் நகரத்துக்குள் ஒன்று, லாங் ஐலண்டில் ஒன்று, பிலடெல்பியா, வாஷிங்டன், பிட்ஸ்பர்க், அப்புறம் நாங்கள். லாங் ஐலண்ட்காரர்கள் தொடர்ந்து நாலு வருஷம் கோப்பையைத் தூக்கியவர்கள். பிலடெல்பியாக்காரர்களுக்கு பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டைவிட எதிராளியின் தாடை மேல்தான் கண் என்பாள் மகள். எங்கள் டீம் கான்சஸ் சிட்டியில் பிறந்து, கொலராடோவிலும் பிழைப்பு ஓடாமல், எண்பத்திரண்டில் நியூ ஜெர்சிக்குக் குடிவந்தது. அதற்கு முன் இருந்த இர்விங் என்ற ஊரில் என் கணவரின் வேலை போய், நாங்களும் அந்த வருஷம்தான் இங்கே வந்தோம். அதனாலோ என்னவோ, அந்த டீம் மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். ஆறில் முதல் நாலு இடத்துக்குள் வந்தால் கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றில் ஆடலாம். இங்கே வந்த பிறகு எங்கள் டீம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

என் கணவருக்கு இந்த ஊர்கள் எல்லாம் வேறு விதமாக ஞாபகம் இருக்கும். நியூ யார்க் என்றால் பிள்ளையார் கோயில், பிட்ஸ்பர்க் என்றால் பெருமாள் கோயில். எண்பத்தேழில், தேங்ஸ்கிவிங் விடுமுறைக்குப் பிட்ஸ்பர்க் போனோம். மகளுக்குப் பதிமூன்று வயது. சன்னதி வரிசையில் நின்றபோது, சும்மா இருக்காமல், அவளுக்கு வேண்டுதல் என்றால் என்ன என்று விளக்கினார் அவர். “ஒண்ணு கேட்கணும், கெடச்சா பதிலுக்கு ஒண்ணு கொடுக்கணும். வாக்கு தவறக்கூடாது.” மார்க் கேட்பாள் என்று நினைத்திருக்கிறார் மனுஷன்.

திரும்பி வரும்போது காரில் சொன்னாள். ப்ளேஆஃப் கேட்டாளாம். பதிலுக்கு?

“மை ஹேர். ஆல் ஆஃப் இட்.”

முன் சீட்டிலிருந்து திரும்பி அவள் பின்னலைப் பார்த்தேன். என் கணவரோ ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “பிட்ஸ்பர்க்கும் இதே டிவிஷன்தானேடி! பெருமாள் சொந்த ஊர் டீமை விட்டுட்டு நமக்கா பண்ணப் போறார்? நீ கவலைப்படாத.” அந்த டீமின் லட்சணம் எனக்கும் தெரியும் என்பதால் நான் கவலையை விட்டேன்.

மார்ச்சில் அந்தப் பாவிகள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள்.

அதன்பின் காலையில் பேப்பரை முதலில் பிரிப்பது நான் என்றாகிவிட்டது. ஆறு டீமும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. நாலாவது இடத்துக்கு எங்களோடு மோதிய நியூ யார்க் ஜெயித்தால் எனக்குக் காபி இனித்தது. “பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் பூமுடி போதும்டி. மூணு விரல் அளவு நுனியில கட் பண்ணிக் கொடுத்தா சாமி ஏத்துக்கும்,” என்று பின்னிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். “ஐ டிட்ன்ட் ப்ராமிஸ் த்ரீ ஃபிங்கர்ஸ், அம்மா,” என்றாள். ஸ்கூலில் கேலி பண்ணுவார்களே என்றேன். பண்ணட்டும் என்றாள். இந்தப் பிடிவாதம் அப்பா வழி என்று அவர் காதில் விழும்படி சொன்னேன். என் அம்மா இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

கடைசி மேட்ச் சிகாகோவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நியூ யார்க் அன்று தன் ஆட்டத்தை முன்பே ஜெயித்துவிட்டது. எங்களுக்கு டிரா போதாது, ஜெயித்தால்தான் நாலாவது இடம். ஊரில் கிரிக்கெட் கமென்டரி கேட்கும் வீடுகளில் ஒரு சட்டம் உண்டு. நம் ஆள் நன்றாக ஆடும்போது யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கேயே இருக்கவேண்டும், எழுந்தால் விக்கெட் போய்விடும். என் கணவர் அந்தச் சட்டத்தை ஹாக்கிக்கும் போட்டிருந்தார். ஒருமுறை நான் குக்கரை அணைக்க எழுந்தபோது கோல் வாங்கிவிட்டார்கள் என்று அப்பாவும் பெண்ணும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பின்தங்கியிருந்த எங்கள் டீம் கடைசிக் கட்டத்தில் சமன் செய்தது. அப்போது நான் கார்ப்பெட்டில், சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. எனக்கு அந்தச் சட்டத்தில் பாதி நம்பிக்கை உண்டு. எழுந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் போதும், முடி தப்பும். கையைக்கூட ஊன்றிவிட்டேன். மகளைப் பார்த்தேன். பின்னல் நுனியை வாயில் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தையில் காய்ச்சல் வந்தால்தான் அப்படி இருப்பாள். ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கால் மரத்துப்போயிற்று. அசையவில்லை.

கோல் விழுந்தது. என் கணவர் கத்திய கத்தில் பக்கத்து அபார்ட்மென்ட்டில் சுவரைத் தட்டினார்கள். மகள் என் மேல் வந்து விழுந்தாள். அந்த முடி முழுவதும் என் முகத்தில். நான் அழுதேன்.

“யூ டிட்ன்ட் கெட் அப், அம்மா,” என்றாள் காதுக்குள். டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தேனே, என்னையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்துப் பிட்ஸ்பர்க் போனோம். அந்த ஊர் டீம் எங்களைவிட ஒரே ஒரு பாயின்ட் குறைந்து கடைசி இடத்துக்குப் போயிருந்தது. என் கணவர் சன்னதியில் கொஞ்சம் சங்கடத்தோடுதான் நின்றார். முடி எடுப்பவர் கத்தியை நனைத்துக்கொண்டே, மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“வயசுப் பொண்ணு. பூமுடி மட்டும்தானேம்மா?”

மகள் என் முகத்தையே பார்த்தாள்.

“இல்லீங்க,” என்றேன். “முழுசா எடுத்துடுங்க.”