சத்தம் பத்தாத சைலன்சர்

சங்கையாவின் ஒர்க்‌ஷாப் வாசலில் காரை நிறுத்திய விதத்திலேயே ஜெயபாண்டி சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்துபோனது. கதவை அறைந்து சாத்தினார். பானட்டில் ஓங்கி ஒரு தட்டு.

"ஏலே சங்கையா, நீ மாட்டினது சைலன்சரா, தையல் மெசினாலே? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன், புதுசு போட்டிருக்கேன்னு. பூனை குறட்டை விடுற மாதிரி இருக்கு!"

சங்கையா கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தான். திருத்தங்கலில் பத்து வருடமாக சைலன்சர் வேலை பார்க்கிறவன். சத்தம் ஜாஸ்தி என்று வருகிறவர்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான். சத்தம் பத்தவில்லை என்று ஒருவர் வந்தது இதுவே முதல் தடவை.

ஜெயபாண்டி ஐம்பதை நெருங்குகிறவர். அச்சங்குளம் பக்கம் அய்யாதுரையின் பட்டாசுக் கம்பெனியில் டெஸ்டிங் ஆள். மீசை முளைத்த காலத்தில் சேர்ந்தவர். ஷெட்டுகளைத் தாண்டி வெட்டவெளியில் ஒரு பொட்டல் இருக்கும். ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் எடுத்து வந்து அங்கே வெடித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. வெடி நமுத்திருக்கிறதா, திரி சீக்கிரம் பிடிக்கிறதா, சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அவர் தலையாட்டினால்தான் லோடு ஏறும். வடக்கேயிருந்து வியாபாரிகள் வந்தால் முதலாளி அவரைத்தான் முன்னால் நிறுத்துவார். "எங்க ஜெயபாண்டி காதுக்குத் தப்பி ஒரு வெடி வெளிய போகாது" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் வேறு கம்பெனிக்குப் போகாமல் இருந்தார்.

கார் வாங்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. செகண்ட் ஹேண்டில் சிவப்புக் கார் ஒன்று அமைந்தது. போனில் ஒரு வீடியோ பார்த்தார். அதே மாடல் கார், பின்னால் பளபளவென்று புதுக் குழாய், ஆக்சிலேட்டரை மிதித்ததும் சிங்கம் மாதிரி உறுமல். இயர்போனை மாட்டி, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்து, திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் குழாயை கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து சங்கையாவிடம் கொடுத்து மாட்டச் சொன்னார். மாட்டியும் ஆயிற்று. உறுமலைத்தான் காணோம்.

சங்கையா வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் பின்னால் போய்க் குந்தினான். குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தான். புகை நன்றாகத் தள்ளியது. கந்தலைச் சுருட்டி வாயை அடைத்துவிட்டு, அடியில் படுத்து, ஜாயிண்ட் எங்கேயாவது காற்று சீறுகிறதா என்று கேட்டான். ஒன்றும் இல்லை.

"அண்ணே, எல்லாம் சரியாத்தான் இருக்கு. நல்லாவே சத்தம் வருதே?"

"எனக்குச் சொல்லித்தர்றியா? சத்தத்தப் பத்தி எனக்கு நீ சொல்லித்தர்றியாலே?"

சங்கையா மறுபடி பின்னால் போய்க் குந்தினான். குழாயின் வாய்க்குள் சத்தத்தைக் குறைப்பதற்கென்றே சின்னக் குழாய் ஒன்று சொருகியிருந்தது. அதைக் கழற்றி வெளியே போட்டான். ஜெயபாண்டி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்போ கொஞ்சம் பரவாயில்லை" என்று அரைமனதாகப் போனார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். இந்தத் தடவை நடுவில் இருந்த, சத்தத்தை அடக்கும் டப்பாவை அறுத்தெறிந்துவிட்டு நேர்க்குழாய் வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னார். சங்கையா மாட்டேன் என்றான்.

"அண்ணே, போலீஸ் புடிப்பான். கால எடுத்தா குழாய்ல வெடி போடும். நெசமாச் சொல்றேன், எனக்கே காது கொய்ங்குது."

"ஏமாத்துறியா? மட்டக் குழாய மாட்டிட்டு நல்லதத் தூக்கி எவனுக்கோ வித்துட்டியா?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு சங்கையா கட்டிங் மெசினை எடுத்தான். முகம் சிவக்க டப்பாவை அறுத்தான். நேர்க்குழாயை ஒட்டினான். "இனிமே இந்த வண்டிய இங்கன கொண்டு வராதீங்கண்ணே" என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னான். ஜெயபாண்டி திரும்பிப் பார்க்கவே இல்லை.

அந்த வருடம் முழுக்கவே அவருக்கு எல்லார் மேலும் எரிச்சலாக இருந்தது. வீட்டில் மனைவி நாகஜோதி எதைச் சொன்னாலும் வாய்க்குள்ளேயே முனகினாள். மதுரையில் காலேஜ் படிக்கும் மகள் கீர்த்திகா போனில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. போன் சரியில்லை என்று கடைக்காரனிடம் சண்டை போட்டு வேறு போன் வாங்கினார். அதுவும் சரியில்லை. டிவியைக் கூட்டி வைத்தால் நாகஜோதி குறைத்தாள். இவர் கூட்டினார்.

"எதுக்கு இப்படிக் கத்துறீக? பக்கத்துல தானே நிக்கேன்" என்று ஒருநாள் அவள் அழுதே விட்டாள்.

"நீ வாயத் தொறந்து பேசுனா நான் ஏன் கத்தப் போறேன்?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

காரை எடுத்துக்கொண்டு தெருவில் போனால் ஆட்கள் நின்று முறைத்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

சீசன் சூடுபிடித்திருந்த ஒரு மத்தியானம் அவர் நாரணாபுரம் வழியாக வந்துகொண்டிருந்தார். ஊருக்குள் நுழையும் இடத்தில் வேகத்தடை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வண்டியை ஏற்றி இறக்கினார்.

ரோட்டின் இரண்டு பக்கமும் வீடுகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி கையில் மாவு. ஒருத்தி தலைவிரிகோலம். எல்லாரும் ரோட்டுக்கு வந்து, நாலா பக்கமும் வானத்தைப் பார்த்தார்கள்.

ஜெயபாண்டி பிரேக்கை மிதித்தார். அந்த ஓட்டம் எதற்கு என்று அவருக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் எல்லாருக்குமே தெரியும். எந்தத் திசையில் புகை எழும்புகிறது என்று பார்த்துவிட்டு, அந்தத் திசையில் வேலைக்குப் போனவர்களை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொள்வதற்கு முந்தின ஓட்டம் அது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி ஓடினார்.

"எந்தக் கம்பெனி அக்கா? எங்கன வெடிச்சது?"

போனைக் காதில் வைத்து, "எடுடீ, எடுடீ" என்று பதறிக்கொண்டிருந்தவள் பெயர் செல்லத்தாய். அவள் மகள் பக்கத்து யூனிட்டில் வெடிக்குத் திரி வைக்கிறவள். போன வருடம் இதே மாதிரி ஒரு மத்தியானத்தில் தங்கச்சியைப் பறிகொடுத்தவள். மகள் போனை எடுத்ததும் செல்லத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்தாள். ஜெயபாண்டியைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்னது?"

மறுபடி சொன்னாள்.

"சத்தமாச் சொல்லுங்கக்கா, கேக்கலை."

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

"ஒன் வண்டிதாம்லே வெடிச்சது! ஒன் பாழாப்போன வண்டி! முந்தாநாளும் இப்படித்தான் வெடிச்சிட்டுப் போன. நாங்க தெனமும் செத்துப் பொழைக்கணுமா?"

"சும்மா சொல்லாதீக. அது பூனை மாதிரி…"

சுற்றி நின்றவர்கள் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. இவர்களும் சங்கையாவும் பேசி வைத்துக்கொண்டு சொல்வது போல இருந்தது. இருங்க, காட்டுகிறேன் என்று காரில் ஏறி, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் சட்டென்று காலை எடுத்தார்.

அவருக்குக் கேட்டது என்னவோ, நாலு வீடு தள்ளி யாரோ கைதட்டுகிற மாதிரிதான். ஆனால் கண்ணாடிக்கு வெளியே பெண்கள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார்கள். ரோட்டோரம் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்து சந்துக்குள் ஓடியது. வேம்பிலிருந்து காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. இடுப்பிலிருந்த ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுதது. அந்த அழுகையின் சத்தம் அவரிடம் வந்து சேரவில்லை.

இன்ஜினை அணைத்தார். கண்ணாடியை இறக்கி, அந்தக் குழந்தையின் பக்கம் காதைத் திருப்பினார்.

மறுநாள் நாகஜோதி கூட வர, விருதுநகரில் காது டாக்டர் அருணாதேவியிடம் போனார். சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போது பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எப்போது ஆரம்பிப்பார்கள் என்று அவர் பொறுமையாகக் காத்திருந்தார். சில தடவை எதுவோ கேட்டது போல இருந்தது, அமுக்கினார். மறுபடி காத்திருந்தார். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது, வெளியே வாருங்கள் என்றார் டாக்டர்.

வலது காதுச் சவ்வில் ஓட்டை. இடது காதில் நரம்பு தேய்ந்துவிட்டது. சவ்வை ஆபரேஷனில் ஓரளவு சரிசெய்யலாம். நரம்பு போனது போனதுதான். டாக்டர் ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னார்.

"வெடிக்கும்போது காதுக்கு என்ன போடுவீங்க?"

"ஒண்ணும் போடுறதில்லை. சத்தத்தக் கேக்கணும்ல? அதுக்குத்தானே என்னை வச்சிருக்காக."

சொல்லி முடித்ததும்தான் அந்த வார்த்தை அவரையே தைத்தது. நாகஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முனகுகிறாள், முனகுகிறாள் என்று அவளை ஏசிய நாட்களெல்லாம் வரிசையாக வந்தன. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அந்த வெட்கம் கோபமாக மாறியது. இந்தத் தடவை கோபம் யார் மேல் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

முதலில் சங்கையாவிடம் போய், "வண்டியோட வந்த பழைய குழாயவே திருப்பி மாட்டு. நான் பேசுனத மனசுல வச்சுக்காத" என்றார். சங்கையா துணியில் கையைத் துடைத்தான். பழைய சைலன்சரை மூலையிலிருந்து எடுத்து வந்தான்.

அன்று பொட்டலுக்குப் போனபோது முத்துமாரியம்மாள் வெடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பல வருடமாக அவருக்குத் துணையாக அடுக்கிக் கொடுப்பவள். அந்த இடத்தில் இருவரும் எப்போதும் கத்தித்தான் பேசுவார்கள். அது பொட்டலின் பழக்கம் என்றே நினைத்திருந்தார். இன்று அவள் முதுகுப்பக்கம் நின்று, சாதாரணக் குரலில், "மாரி" என்றார். அவள் திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டார். அவள் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும், "ஆ?" என்று திரும்பினாள்.

அவள் கையிலிருந்த வெடியை வாங்கிக் கீழே வைத்தார். "வா" என்றார்.

இருவரும் ஆபீசுக்குள் நுழைந்தபோது வெளியே லாரி லோடுக்குக் காத்து நின்றது. அய்யாதுரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஜெயபாண்டி, டெஸ்டிங் முடிஞ்சதா? வண்டி நிக்குதுல்ல?"

"முடியலை மொதலாளி. இனிமே ஒண்ணு வெடிக்கிறதா இருந்தா, எங்க காதுக்கு மூடி வந்து சேரணும். பஞ்சு இல்லை, நல்ல மூடி. பொட்டல்ல வேலை பாக்குற எல்லாருக்கும் காது டெஸ்ட் எடுக்கணும். எனக்கும் இவளுக்கும் வைத்தியம் கம்பெனி பாக்கணும்."

முதலாளி சிரித்தார். "காத மூடிக்கிட்டு சத்தத்த எப்படிப்பா பாப்ப?"

"அதுக்கு மெசின் இருக்காம், டாக்டரம்மா சொன்னாக. அத வாங்குங்க."

"இத்தனை வருசம் இல்லாத வழக்கம் இப்போ என்ன? வயசானா யாருக்கும் காது மந்தம்தான். கையும் காலும் நல்லாத்தானே இருக்கு?"

ஜெயபாண்டி மேசையில் அறைந்தார். தண்ணீர்த் தம்ளர் உருண்டது.

"கை காலு போயிருந்தா நாலு பேரு பாத்திருப்பாக மொதலாளி. காது போனது எவன் கண்ணுக்கும் தெரியலை. எனக்கே தெரியலை. எங்க ஜெயபாண்டி காது, எங்க ஜெயபாண்டி காதுன்னு சொல்லிச் சொல்லியே தின்னுட்டீக!"

அவர் குரல் ஷெட்டு வரைக்கும் கேட்டது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். முத்துமாரியம்மாள் பேச்சில் பாதியைக் கேட்டிருக்கமாட்டாள். ஆனாலும் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு லாரி வெறுமனே நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் காலையில் காதுமூடிகள் வந்து சேர்ந்தன. சத்தம் அளக்கும் மெசினும் வந்தது. பொட்டலில் வேலை பார்த்தவர்களைக் கம்பெனி வேனிலேயே விருதுநகருக்குக் கூட்டிப் போனார்கள். வைத்தியம் பற்றி மட்டும் அய்யாதுரை பிடிகொடுக்கவில்லை. சீசன் முடியட்டும் என்றார்.

"முடியட்டும்" என்றார் ஜெயபாண்டி. "நான் எங்கயும் போகமாட்டேன். தெனமும் காலைல வந்து இதே மாதிரி சத்தமாக் கேப்பேன்."

மறுநாள் காலை ஷெட்டு திறக்கும் முன்பே ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். வைத்தியம் எப்போ என்று உரக்கக் கேட்டார்.