மூன்று கோயிலுக்கு ஒரு பகுதிநேர ஐயர்

1. பூணூல் போட்ட மூன்று பேர்

நேர்முகத்துக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்று பேரும் பூணூல் போட்டிருந்தார்கள். நாங்கள் தேடியதோ அங்கிலிக்கன் சபைக்கு ஒரு குருவானவரை.

கிரேஸ் ரீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரீச்சர்தான் எங்கள் சேகரத்தின், அதாவது மூன்று கோயிலும் சேர்ந்த சபைப் பிரிவின், கமிட்டித் தலைவி. ஊர்காவற்றுறையில் இங்கிலீஷ் படிப்பித்து, பாதி ஊரின் காதைத் திருகிய கை. நான் சேகரத்தின் கிளாக்கர். கம்பஸ் முடித்து, வரலாற்றில் பி.ஏ. எடுத்து, உத்தியோகம் கிடைக்காமல் ஜெற்றியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த என்னை, "சும்மா நிக்கிற நேரம் வந்து ரைப் அடியும் காணும்" என்று பிடித்து இருத்தியதும் அவர்தான்.

"நீர் ஒட்டின நோட்டீசை ஒருக்கா வாசியும் பாப்பம்," என்றார்.

வாசித்தேன். "தீவுப்பகுதியிலுள்ள மூன்று கோயில்களுக்குப் பகுதிநேர ஐயர் தேவை. கடலில் லோஞ்ச் பயணத்துக்குப் பயப்படாதவர் விரும்பப்படுவார்."

"இதுக்குள்ளை கிறிஸ்து எங்கை இருக்கிறார்?"

"கோயிலுக்கை இருக்கிறார் ரீச்சர்."

"விசர்க்கதை கதையாதையும்!"

நோட்டீசில் ஒரு சொல் பிழையில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையார் கோயிலும் கோயில், மாதா கோயிலும் கோயில், எங்கள் தேவாலயமும் கோயில். கத்தோலிக்கர் தங்கள் குருவைச் சுவாமி என்பார்கள். நாங்கள் எங்கள் குருவை ஐயர் என்போம். சைவக்காரரும் பூசை செய்கிறவரை ஐயர் என்பார்கள். எங்கள் வீட்டில் ஐயர் என்றால் நீள வெள்ளை அங்கிதான். குடுமி என் மூளைக்கு எட்டவேயில்லை.

பகிடி ஒருபக்கம், விஷயம் பெரிசு. ஊர்காவற்றுறை, சுருவில், நெடுந்தீவு மூன்றும் ஒரே சேகரம். பழைய ஐயர் ஓய்வெடுத்துப் போனபிறகு ஆள் இல்லை. முழுநேரக் குருவை வைத்துப் பார்க்க எங்களுக்கு வக்கில்லை. ஈஸ்ரருக்கு முன்னம் ஒரு பகுதிநேரக் குருவாவது கிடைக்காவிட்டால் நெடுந்தீவுக் கோயிலைப் பூட்டுவதென்று யாழ்ப்பாணத்துச் சபைத் தலைமை முடிவெடுத்துவிட்டது. மற்ற இரண்டு கோயில் ஆட்களும் பஸ் ஏறியாவது பட்டணம் போவார்கள். நெடுந்தீவில் இருப்பது பத்துப் பன்னிரண்டு குடும்பம். கடல் பெருத்தால் லோஞ்ச் இல்லை. கோயிலும் போனால் அவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

2. மூலவர் ஆர்?

வந்தவர்களைத் திருப்பி அனுப்ப ரீச்சருக்கு மனம் வரவில்லை. மூன்று பேரையும் கதிரை போட்டு இருத்தி, விஷயத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். இரண்டு பேர் சிரித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் சபாரத்தின சர்மா. நாற்பது வயதிருக்கும், நல்ல கறுவல், வெற்றிலை வாய். புங்குடுதீவில் இரண்டு கோயில், நெடுந்தீவில் ஒரு கோயில் என்று கிழமை முழுக்க லோஞ்சிலேயே சீவிக்கிற மனிதர். அவர் எழும்பவில்லை.

"நோட்டீசைப் பாத்திட்டு, மூலவர் ஆர் எண்டு கேக்கத்தான் வந்தனான்," என்றார்.

"இயேசுநாதர்," என்றேன்.

"அது இப்ப விளங்குது தம்பி. மூண்டு கோயிலுக்கும் அவர்தானோ?"

"ஓம்."

"அப்ப சுகம். எனக்கு ஒரு கோயிலிலை வைரவர், ஒரு கோயிலிலை அம்மன், மற்றதிலை பிள்ளையார். ஆளாளுக்கு வேற வேற விருப்பம்."

ரீச்சரே சிரித்துவிட்டார். சர்மா வெற்றிலையை ஒருபக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "அம்மா, நீங்கள் தேடுற சாமான் நெடுந்தீவிலையே கிடக்கெண்டு நினைக்கிறன்."

"என்ன சொல்லுறியள்?"

"மேற்கிலை உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு மாஸ்ரர் மாறி வந்திருக்கிறார். குணரத்தினம் எண்டு பேர். லோஞ்சிலை பக்கத்திலை இருந்து வாறவர். ஒருநாள் கடல் மோசம், எல்லாரும் சத்தி எடுக்கினம். இந்தாள் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள்ளை என்னவோ சொல்லுறார். மந்திரமோ எண்டு கேட்டன். பழைய பழக்கம், முந்தி மலைநாட்டிலை ஐயராய் இருந்தனான் எண்டார். எந்தக் கோயில் எண்டு கேட்டன். 'நான் வேற ஐயர்' எண்டு சிரிச்சார். பகிடி விடுறார் எண்டு நினைச்சன். இண்டைக்குத்தான் எனக்கு வெளிக்குது."

ரீச்சர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "தம்பி, நாளைக்கு லோஞ்ச் எத்தினை மணிக்கு?"

3. எந்தப் பகுதி?

குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறினோம். நயினாதீவு தாண்டியதும் ரீச்சருக்குத் தலை சுற்றியது. அவர் ஒரு கையால் என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டார், மறு கையில் மூக்கில் வைத்து மணக்க ஒரு தேசிக்காய். "இந்தக் கடலிலை கிழமைக்குக் கிழமை வரச்சொல்லி ஒருத்தரைக் கேக்கப்போறம். எங்களுக்கு வெக்கமில்லை," என்று முனகினார்.

நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் ஜோசுவா அண்ணை சைக்கிளோடு நின்றார். நெடுந்தீவுக் கோயிலில் குரு இல்லாத காலமெல்லாம் செபம் வாசித்து, மணி அடித்து, கூரையும் வேய்ந்து கோயிலைக் காப்பாற்றி வைத்திருந்தவர் அவர். மாடு வைத்திருக்கிறார், கொஞ்சம் தோட்டமும் உண்டு. நாங்கள் தேடி வந்த ஆள் யார் என்று சொன்னதும் அவர் நம்பவேயில்லை.

"உந்தக் கணக்கு மாஸ்ரரோ? உவர் வேதக்காரர் எண்டே எனக்குத் தெரியாது ரீச்சர். ஞாயிற்றுக்கிழமையிலை கிணத்தடியிலை நிண்டு உடுப்புத் தோய்க்கிறார்!"

"கர்த்தர் தோய்க்க வேண்டாமெண்டு சொன்னவரே? நடவும்."

கல்மதில்களுக்கு நடுவே ஒரு மைல் நடை. மாஸ்ரர் தங்கியிருந்த அறை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். ஐம்பதை நெருங்கிய ஒல்லி மனிதர், பெண்சாதி செத்துப்போன தனியாள். கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார். நான் என் கம்பஸ் பேச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டேன்: சபையின் தேவை, தீவுகளின் எதிர்காலம், பகுதிநேரக் குருத்துவம் என்ற புதிய சிந்தனை. மாஸ்ரர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"பகுதிநேரம் எண்டால் எந்தப் பகுதி தம்பி?"

அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. நோட்டீசிலும் இல்லை.

"எனக்குத் தெரியும்," என்றார். "மலைநாட்டிலையும் பகுதிநேரம்தான். பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுக்கொண்டு, ஞாயிறிலை பூசை. முதல் மாதம் சரி. பிறகு பல்லு விளக்கேக்கை ஆக்கள், சாப்பிடேக்கை ஆக்கள். ஆரின்ரையோ மாடு ஆரின்ரையோ தோட்டத்துக்கை போனாலும் ஐயர்தான் வரவேணும். ஒருநாள் வகுப்பிலை கதிரையிலை இருந்தபடி நித்திரையாப் போனன். அந்த வருஷம் என்ரை பிள்ளையள் சோதினையிலை கவிண்டு போச்சினம். கொழுந்து பிடுங்கிறவையின்ரை பிள்ளையள். அதுகளுக்கு அந்தச் சோதினையை விட்டால் வேற வழியில்லை. அண்டைக்கு அங்கியை மடிச்சுப் பெட்டியிலை வைச்சனான்."

ஜோசுவா அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். மாடு பிடிக்க ஐயரைக் கூப்பிடுகிற வகை ஆள்தான் அவரும்.

ரீச்சர்தான் வாய் திறந்தார். "மாஸ்ரர், வருவீரோ எண்டு நான் கேக்கேல்லை. உமக்கு எவ்வளவு ஏலும்? அதைச் சொல்லும். மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்."

மாஸ்ரர் கொப்பியை மூடினார். "ஞாயிற்றுக்கிழமை. அது மட்டும் ஏலும். ஆனால் ரீச்சர், எல்லாரும் முதலிலை இப்பிடித்தான் சொல்லுவினம்."

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் ஒன்றைச் சொன்னது. "அப்ப பெயரிலையே வேலி போடுவம் மாஸ்ரர். ஞாயிற்றுக்கிழமை உங்களை ஐயர் எண்டு கூப்பிடுவம். மற்ற நாளிலை மாஸ்ரர். மாஸ்ரரிட்டைப் போய் ஒருத்தரும் கோயில் விஷயம் கேக்கேலாது. கேட்டால் நீங்கள் திரும்பிப் பாக்கவேண்டாம்."

"உது நல்ல பகிடி," என்றார் ஜோசுவா அண்ணை.

"பகிடியில்லை," என்றார் மாஸ்ரர். முதல் தடவையாக முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "பாப்பம்."

4. கிழமை நாள் காவல்

யாழ்ப்பாணத்தில் விசாரித்தார்கள். அவருடைய குருப்பட்டம் செல்லும், பிஷப்பின் அனுமதியும் வந்தது. ஈஸ்ரருக்கு நெடுந்தீவில் பூசை. அங்கியில் பூச்சி உருண்டை மணம், பாட்டில் சுருதி இல்லை, கோயில் நிறைய ஆள். நெடுந்தீவுக்கு வந்திருந்த சர்மாவும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "மணி அடிக்கிறது எங்கட மாதிரித்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒரு ஞாயிறு ஊர்காவற்றுறை, ஒரு ஞாயிறு சுருவில், ஒரு ஞாயிறு நெடுந்தீவு.

பெயர் வேலியை நான் சொன்னேன் என்றாலும், அதைக் காவல் காத்தது ஜோசுவா அண்ணை. பகிடி என்று சொன்ன அதே ஆள். சங்கக்கடையில் ஒரு மனுசி, "ஐயர், மகளின்ரை கலியாணத்துக்கு ஒரு நாள் சொல்லுங்கோவன்" என்று தொடங்கியிருக்கிறா. அண்ணை நடுவில் பாய்ந்தார்.

"இண்டைக்கு வெள்ளி. இவர் மாஸ்ரர். உனக்கு ஏதும் பெருக்கல் வகுத்தல் தெரியவேணுமெண்டால் கேள்!"

சின்னப் பிள்ளைகள் அதை விளையாட்டாக்கிவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் மாஸ்ரர் சைக்கிளில் போனால், "நாளைக்கு ஐயர்! நாளைக்கு ஐயர்!" என்று மதிலுக்குப் பின்னால் இருந்து சத்தம் வரும். மாஸ்ரர் திரும்பமாட்டார். தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கும்.

5. ஒரு புதன்கிழமை

கோயில் கூரைக்கு மரம் பார்க்க நான் நெடுந்தீவுக்குப் போயிருந்தேன். இரண்டு நாளாகக் கடல் பெருத்து லோஞ்ச் ஓடவில்லை. திரும்ப வழியில்லாமல் மாஸ்ரரின் வகுப்பில் கடைசி வாங்கில் குந்தியிருந்தேன். பள்ளிக்கூடக் கல்மதிலுக்கு அந்தப் பக்கம் ஜோசுவா அண்ணையின் தலை தெரிந்தது. தெரிந்தது, மறைந்தது, திரும்பவும் தெரிந்தது.

"என்ன ஜோசுவா?" என்று மாஸ்ரர் ஜன்னலால் கேட்டார்.

"ஒண்டுமில்லை மாஸ்ரர். சும்மா வந்தனான்." கொஞ்சம் நின்றார். "இண்டைக்குப் புதன் என்ன?"

"ஓம், புதன்."

"ஓமோம். அப்ப நான் போட்டு வாறன்."

அவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் மாஸ்ரர் வாசலுக்கு வந்துவிட்டார். "நில்லும். ஆருக்கு என்ன?"

ஜோசுவா அண்ணை மதிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அக்காவுக்கு மாஸ்ரர். அன்னம்மா அக்காவுக்கு. நெஞ்சுக்குள்ளை இழுக்குது. லோஞ்ச் ஓடினால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். ஐயரின்ரை கையாலை திருவிருந்து அப்பம் எடுக்கவேணுமெண்டு ஒரே ஆசையாய்க் கிடக்கிறா. நான் சொன்னனான், இண்டைக்குப் புதன், ஐயர் இல்லையெண்டு. அவ ஓமெண்டிட்டா. ஞாயிறு வரைக்கும் பொறுப்பன் எண்டு சொல்லுறா."

மாஸ்ரர் கையில் இருந்த சோக்குக் கட்டியை மேசையில் வைத்தார். பிள்ளைகளைப் பார்த்தார். அந்த வருஷம் அவர்களுக்கும் சோதினை. பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் பி.ஏ. தானே? எழும்பி வாரும். பின்னக் கணக்குப் பாதியிலை நிக்குது."

"மாஸ்ரர், நான் வரலாறு..."

"பின்னத்துக்கும் வரலாறு இருக்கு. வாரும்!"

அறைக்குப் போய்ப் பையோடு வந்தார். சைக்கிளை உருட்டினார். ஜோசுவா அண்ணை கூடவே ஓடினார். மதில் ஓரம் போகும்போது அவர்கள் பேசியது வகுப்பு முழுக்கக் கேட்டது.

"ஜோசுவா, இண்டைக்கு மட்டும் நீர் என்னை ஐயர் எண்டு கூப்பிடலாம்."

"வேண்டாம் மாஸ்ரர். பிறகு சனத்தைப் பிடிக்கேலாது."

வகுப்பு சிரித்தது. நான் கரும்பலகையில் முக்காலையும் அரையையும் கூட்டப் போய், ஒரு பெட்டை எழும்பித் திருத்துகிற அளவுக்கு மானம் கெட்டேன். மணி அடிக்க முன்னம் மாஸ்ரர் வந்துவிட்டார். முகம் கழுவி, சோக்கை எடுத்து, நான் எழுதியதையெல்லாம் அழித்தார்.

அன்னம்மா அக்கா சாகவில்லை. கடல் தணிந்ததும் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். மாதக் கணக்காகப் படுத்துக் கிடந்து எழும்பினா. இப்போது ஐயரின் பிரசங்கம் நீளம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறா. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். அந்த வருஷம் மாஸ்ரரின் பிள்ளைகளும் சோதினையில் தேறினார்கள். நெடுந்தீவுக் கோயில் இன்னும் திறந்திருக்கிறது.

என்னைப் போல முதல் உத்தியோகத்துக்குப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பகுதிநேரத்துக்கு ஒருத்தரைக் கேட்கப் போனால், அவர் தரும் பகுதியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். தராத பகுதியில் அவருக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள். குணரத்தினம் மாஸ்ரருக்கு அதில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். நெடுந்தீவுச் சனம் அந்தப் பிள்ளைகளுக்காக ஆறு நாளையும் அவருக்கு விட்டுக்கொடுத்தது. அதனால்தான் அந்தப் புதன்கிழமை ஒருவரும் கேட்காமலே அவர் தானாகச் சைக்கிளை எடுத்தார்.