நாலரைக்குக் கிளம்பும் டாக்டர்

இன்று நாலரைக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பினேன்.

(தெரிந்தவர்கள் நம்பமாட்டீர்கள். படியுங்கள்.)

நான் பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹெச்.ஆர். எங்கள் மனநல மருத்துவர் சிங்கப்பூர் போனதிலிருந்து அவர் அறை பூட்டியே கிடக்கிறது. விளம்பரம் மேல் விளம்பரம் போட்டது நான்தான். கவுன்டரில் தினமும் ஒரே கேள்வி: "டாக்டர் எப்பங்க வருவாங்க?"

போன வாரம் ஒருவர் நேர்காணலுக்கு வந்தார்.

வந்தவள் நஸீமா. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் என் பக்கத்து நாற்காலி. என் கெமிஸ்ட்ரி நோட்ஸை வாங்கிப் படித்தவள். அவள் டாக்டருக்குப் போனாள், எனக்கு சைக்காலஜி கிடைத்தது. மனசைப் பற்றி நானும்தான் படித்தேன். ஆனால் சைக்காலஜி டிகிரியை வைத்து மருந்துச் சீட்டு எழுத முடியாது. லீவு ஃபாரம்தான் சரிபார்க்கலாம்.

நான் வேலைக்கு வந்த அன்று எனக்கு ஒரு பேனாவும் ஒரு கத்தை ஃபாரமும் கொடுத்தார்கள். நஸீமாவுக்கு டைரக்டர் சார் தன் கையாலேயே கறிபாப் பலகாரத் தட்டை நகர்த்தி வைத்தார்.

கேள்வி கேட்க வேண்டியவர் சார். கேட்டதெல்லாம் நஸீமா.

ஒரு நாளைக்கு எத்தனை நோயாளி? இளம்பிள்ளைகளுக்குத் தனி நேரம் உண்டா? வர முடியாத நோயாளிகளை வீடியோவில் பார்க்கலாமா?

சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை ஃபேக்டரிகள் கூட ஊழியர்களை நம் டாக்டரிடம் அனுப்பக் கேட்டிருக்கின்றன என்றார், ஏதோ பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் பெருமையைச் சொல்வது போல.

கடைசியில் அவள் சொன்னாள், "சார், நாலரைக்கு நான் கெளம்பிடணும். மகளை தாஸ்காவுல எடுக்கணும்."

"நோ ப்ராப்ளம் லா டாக்டர். பிள்ளைங்கதான முக்கியம்."

ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த என் பேனா நின்றுவிட்டது.

ஏனென்றால் இதே சாரிடம் இதே நாலரையை நானும் கேட்டிருக்கிறேன். அன்று அவர் சொன்னது, "கம்பெனி பாலிசி மா."

என் மகன் இர்ஃபானுக்கு நாலு வயது. அவனும் தாஸ்காவில்தான், பிள்ளைகள் காப்பகத்தில். நான் ஐந்தரைக்குக் கிளம்பும்போது ஃபேக்டரி பஸ்களும் ரோட்டில் இறங்கிவிடும். தாஸ்காவுக்குப் போய்ச் சேரும்போது மற்ற பிள்ளைகள் எல்லாம் போயிருப்பார்கள். வாசல் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் மட்டும் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் டீச்சர், கையில் பூட்டு. இன்றைக்கும் கடைசியா, பயந்திருப்பானா, அழுதிருப்பானா என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

நஸீமாவை லிஃப்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வாய் சும்மா இருக்குமா?

"கேட்ட ஒடனே குடுத்துட்டாங்க. குடுத்து வச்சவ லா நீ."

அவளுக்குப் புரிந்துவிட்டது. (தொழிலே அதுதானே.)

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இதையேதான்டி கேட்டேன். ஆளு பத்தல டாக்டர், முடியாதுன்னாங்க. என் பொண்ணு தாஸ்கா டீச்சரை உம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டா."

நான் லிஃப்ட் பட்டனை அழுத்தினேன்.

"ஆளு பத்தலன்னு அங்க கெடைக்கல. அதே ஆளு பத்தலன்னுதான் இங்க கெடைக்குது. நீ நெனைக்கிற மாதிரி எம்மேல பாசம் ஒண்ணும் இல்ல."

லிஃப்ட் வந்தது. போய்விட்டாள்.

அவளை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. பொறாமை அதற்காகக் குறையவில்லை.

நேற்று அவளுடைய வேலைக் கடிதத்தை அடித்தேன். "குழந்தைப் பராமரிப்பை முன்னிட்டு மாலை 4.30க்குப் பணி முடிக்க அனுமதிக்கப்படுகிறது." எவ்வளவு அழகான வரி. இரண்டு தடவை படித்தேன். பிறகு அந்த வரியை அப்படியே காப்பி எடுத்து, என் பெயரில் இன்னொரு கடிதம் அடித்தேன். இரண்டையும் கையெழுத்து ஃபைலில் வைத்து அனுப்பினேன்.

பத்து நிமிஷத்தில் சார் கூப்பிட்டார்.

"என்னம்மா, ரெண்டுலயும் ஒரே வரி? மாத்தி அடிச்சிட்டியா?"

"இல்ல சார். ஒண்ணு டாக்டரோடது. ஒண்ணு என்னோடது."

"அவங்க சைக்கியாட்ரிஸ்ட் மா. அவங்கள விட்டா அடுத்த ஆள் எப்ப வரும்னு ஒனக்கே தெரியும்."

"தெரியும் சார். வெளம்பரம் போட்டதே நான்தான."

ஹெச்.ஆருக்கு ஆள் நாளைக்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்டுவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"சார், கேட்டைப் பூட்டுற டீச்சருக்கு யாரு சைக்கியாட்ரிஸ்ட், யாரு ஹெச்.ஆர்.னு தெரியாது சார். கடைசியா உக்காந்திருக்கிற பிள்ளைக்கும் தெரியாது."

சார் ஜன்னலைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"செவ்வாய், வியாழன். ரெண்டு நாளு. மூணு மாசம் பாப்போம். காலையில அரை மணி முன்னாடி வந்துடணும். மத்தவங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத."

(சொல்லவில்லை சார். இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான்.)

இன்று செவ்வாய். ரோடு காலி. ஐந்து மணிக்கு முன்னால் தாஸ்கா வாசலில் நின்றேன். உள்ளே ஒரே கூச்சல். இர்ஃபான் பந்தோடு ஓடி வந்தான், என்னைப் பார்த்தான், முகம் வாடிவிட்டது.

"இப்ப ஏன்மா வந்தீங்க? இன்னும் வெளையாட்டு முடியல. அப்புறம் வாங்க."

டீச்சர் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா, ஒங்கள தெரத்துறான்."

இருபது நிமிஷம் அந்த வாசல் படியில் நான் உட்கார்ந்திருந்தேன், அவன் பையை என் மடியில் வைத்துக்கொண்டு.

நஸீமா அடுத்த மாதம் சேர்கிறாள். ஐந்து நாளும் நாலரைக்கு அவள் கார் போவது என் ஜன்னலிலிருந்து தெரியும்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இரண்டு நாளைக்குப் போய்விட்டது.

மீதி மூன்று நாள் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் ஆபீஸில் நாலரைக்குக் கிளம்புவது யார்? அவர் என்ன வேலை பார்க்கிறார்? கீழே சொல்லிவிட்டுப் போங்கள்.