நாச்சிமுத்து போனில் தெரியாத எழுத்து

காலை பத்து நாற்பது. காந்திபுரத்தில் எங்கள் அலுவலக மேசை மேல் வைக்கப்பட்ட, கண்ணாடி கீறிய ஒரு பழைய போனின் திரையில் நான் முதலில் பார்த்தது தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துகள், அடைப்புக்குறிகள், காற்புள்ளிகள். ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாத குவியல். அது நான் வெளியிட்ட செய்தி.

பார்த்த நொடியிலேயே தவறு என்னுடையது என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் மறைத்தேன். அதனால் ஒரு நேர்மையான மனிதர் தன் சொந்தபந்தங்களின் முன்னால் பொய்யர் ஆனார். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வராது.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கொடுக்க உங்களுக்கு என்ன உரிமை? நீங்கள் அந்தச் சாவு வீட்டில் காத்திருந்தவரா?

நான் நாளிதழ்களில் பக்கம் வடிவமைத்துப் பழகியவன். மூன்று பத்தி அகலத்துக்குள் தலைப்பு நிற்க வேண்டுமென்றால் நிற்க வைப்பேன். வேலையை விட்டபின் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரச் செய்திகளுக்காக ஓர் இணையதளம் தொடங்கினேன். அதைக் கட்டித் தந்தவள் சுதா. பீளமேட்டுப் பெண், வேலையில் கெட்டி, பேச்சில் அதைவிடக் கெட்டி.

எழுத்துருவை மட்டும் நானே தேர்ந்தெடுத்தேன். பத்திரிகையில் என் கையோடு வளர்ந்த பழைய வகை எழுத்துரு அது. அந்த வகையில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துரு அதன்மேல் போர்த்துவதுதான் தமிழ் உருவம். பக்கத்தோடு எழுத்துருவும் வாசகரின் போனில் இறங்கினால் தமிழ் தெரியும். இறங்காவிட்டால், உள்ளே கிடப்பது அப்படியே வெளியே தெரியும்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். சுதா சொன்னாள்.

"ஏனுங்ணா, நம்ம சனம் டேட்டா தீந்துபோயிருமுன்னு சிக்கனமா ஓடற பிரவுசரை வெச்சிருக்குது. அதுல படமும் எறங்காது, நம்ம ஃபாண்ட்டும் எறங்காதுங்க. யுனிகோடுக்கு மாத்திப்போடலாங்ணா, அதுல உள்ள கெடக்கறதே தமிழுங்க. மொதல்ல நமக்குப் புடிச்ச ஃபாண்ட், அது இல்லைன்னா விண்டோஸ்ல இருக்கறது, ஆப்பிள்ல இருக்கறது, ஆண்ட்ராய்டுல இருக்கறதுன்னு வரிசையா எழுதிவெச்சுப்போட்டா, எதுல தெறந்தாலும் தமிழ் தெரியுமுங்க."

"அப்போ ஒரே தலைப்பு ஒவ்வொரு போன்ல ஒவ்வொரு மூஞ்சியோட வரும். ஒரு வரில நிக்கறது ரெண்டா உடையும்."

"உடைஞ்சா உடையட்டுமுங்க. படிக்க முடியுதில்லீங்களா?"

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பத்திரிகைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தேன். என் கணினியில் தெரிந்த முகப்புப் பக்கத்தைத் தாளில் அச்செடுத்து, பிழை திருத்துவதுபோல் சிவப்புப் பேனாவால் பார்த்து, ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சுதா அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தாள்.

"வெப்சைட்டுக்கு புரூஃப் பாத்த ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதானுங்ணா."

சிரிக்கட்டும். அந்த எழுத்து அழகானது. இப்போதும் சொல்வேன்... அழகானது! எழுத்தின் அழகு வாசகனுக்குத் தரும் மரியாதை என்று நம்பி வாழ்ந்தவன் நான். அந்த நம்பிக்கையை இன்றும் விடவில்லை. அதைத் தாளோடு நிறுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தளத்தில் இறப்புச் செய்திகளும் போடுவோம். அவிநாசியில் தெய்வானையம்மாள் இறந்தபோது, மகன் மூர்த்தி படமும் விவரமும் அனுப்பினார், போட்டோம். அந்தப் பக்கத்தின் லிங்க்கை உறவினர் அனைவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை. கொடுமுடியில் இருந்த தாய்மாமன் நாச்சிமுத்துவுக்கும் அப்படித்தான் போனது. இருவருக்கும் ஒரு கிணற்றுப் பங்கு விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கூப்பிட்டுச் சொல்ல மூர்த்திக்கு மனம் வரவில்லை. மூர்த்தியின் போனில் அந்த லிங்க்குக்குக் கீழே இரண்டு நீல டிக் விழுந்ததைப் பார்த்த மற்றவர்களும், அவர் பார்த்துவிட்டார், வந்துவிடுவார் என்று இருந்துவிட்டார்கள்.

பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். உடன்பிறந்தவன் புதுப் புடவை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். எவ்வளவு சண்டை இருந்தாலும் அதற்கு வராமல் இருப்பதில்லை. அவிநாசியில் பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். பிறகு பக்கத்துத் தெருவில் எடுத்த ஒரு புடவையைப் போர்த்திக் கொண்டுபோனார்கள்.

சில நாள் கழித்துத்தான் நாச்சிமுத்துவுக்கு யாரோ சொல்லித் தெரிந்தது. கருமாதியன்று காலை அந்தப் போனோடும் ஒரு துணிக்கடைப் பையோடும் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சவரம் செய்யாத முகம். பையில் இருந்தது புடவை.

"ஏனுங்க, இது உங்க பேப்பருதானுங்களே? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க பாக்கலாம்."

பார்த்தேன். அந்தக் குவியல்.

"தொறந்து பாத்தனுங்க. படமும் இல்லை, இங்கிலீசுல கோழி கிண்டுனாப்பல இருந்துது. இந்த மாதிரி வந்தா தொடாதீங்க, பேங்க்ல இருக்கறது போயிருமுன்னு டிவில சொல்றாங்கல்ல... மூடிப்போட்டேன். அதுல எங்கக்கா செத்த சேதி இருக்குமுன்னு நானென்னத்தைக் கண்டேன்?"

பிறகு சொன்னார்: "பணங்காசு ஒண்ணும் வேண்டாமுங்க. எம்மருமவங்கிட்ட ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப்போடுங்க. உங்க மாமன் போன்ல இது தெரியலைன்னு. நான் சொன்னா நம்பமாட்டான்."

ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்டார்.

என் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். தெய்வானையம்மாளின் பெயர், அழகிய எழுத்தில், ஒரே வரியில் நின்றது. "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. உங்க போன்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

அவர் திரையையே பார்த்தார். அக்காவின் பெயரை விரலால் தொடப் போய்க் கையை எடுத்துக்கொண்டார். "எம்போனு பழசுதானுங்க" என்றார். அவிநாசி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? பயம் இல்லை. விளம்பரம் போய்விடும் என்பதும் இல்லை. சுதா சொன்னது சரி என்று என் வாயால் வர வேண்டியிருந்தது... அதுதான். அதற்காகத்தான்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவர் படி இறங்கியதும் சுதாவைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றச் சொன்னேன். மாற்றிய பக்கங்களை என் ஒப்புதலுக்காக அவள் முன்பே தயாராக வைத்திருந்தாள்.

"இப்பவாச்சும் மனசு வந்துதுங்களே. என்னாச்சுங்ணா திடீர்னு?"

"ஒரு வாசகர் கேட்டார்."

அவர் பஸ் அவிநாசி சேர்வதற்குள் தளம் மாறிவிட்டது. நான் சரிசெய்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். யோசித்துப் பாருங்கள்... அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் குவியல்தான். அதை நான் துடைத்துவிட்டேன்.

மதியம் மூர்த்தி கூப்பிட்டார். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"ஏனுங் சார், மாமன் இங்க வந்து போனைக் காட்டறாரு. ஒண்ணுமே தெரியலைன்னாரு. சனம் அத்தனையும் பாக்கத் தொறந்தா பளிச்சுன்னு தெரியுதுங்க. காலைல வரைக்கும் தெரியலைன்னு சாதிக்கறாரு. உங்க பக்கம் ஏதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"அதானே பாத்தேன். எடுத்துட்டுப் போங்க மாமா, உங்க சீலையும் வேண்டாம், உங்க கதையும் வேண்டாம்." கடைசியில் சொன்னது எனக்கு அல்ல. போனை வைக்கும்முன் அதுவும் என் காதில் விழுந்தது.

மூர்த்தி ஒருமுறை மாமனைக் கூப்பிட்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. தாய்மாமனுக்குச் சாவுச் சேதியை லிங்க்காகத் தட்டிவிட்டவர் அவர். நீல டிக்கைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தது அவர் சொந்தம். அவர்கள் பங்கை நான் சுமக்க மாட்டேன். யார் சொன்னாலும் மாட்டேன். ஆனால் அந்த 'இல்லீங்க' என்னுடையது. அதில் யாருக்கும் பங்கில்லை.

ஒரு தெருப் பெயர் தவறாக அச்சானாலும் மறுநாள் திருத்தம் போட்டு வருத்தம் தெரிவித்தவன் நான். இதற்கு ஒரு வரி போடவில்லை. கொடுமுடிக்கு எத்தனை பஸ்... ஒன்றில்கூட ஏறவில்லை.

பிறகு கோபிசெட்டிபாளையத்தில் மூர்த்தி வீட்டுக் கல்யாணம். எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள், போனேன். நாச்சிமுத்துவுக்கு வைக்கவில்லை. முகூர்த்தம் முடிந்தபின் ஓடிவந்த ஓர் இளைஞனைப் பார்த்து, வாசலில் நின்ற பெரியவர் கேட்டார்:

"ஏண்டா மாப்ள, உன்ற போன்லயும் எழுத்துத் தெரியலியாக்கும்?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குடும்பத்தில் தாமதமாக வருகிற யாரையும் இப்போது அப்படித்தான் கேட்கிறார்களாம். பக்கத்தில் இருந்தவர் எனக்கு விளக்கமும் சொன்னார், அக்காளுக்குக் கோடி போட வராமல் போன் மேல் பழி போட்ட ஒருவரைப் பற்றி. கேட்டுக்கொண்டேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: இங்கே எழுதத் தெரிந்தவனுக்கு அந்த வீட்டில் போய்ச் சொல்லத் தெரியாதா என்று. கேளுங்கள். இல்லாத பதிலை உங்கள் திருப்திக்காகச் செய்து தர மாட்டேன்.

தெய்வானையம்மாளின் இறப்புச் செய்தி இன்னும் எங்கள் தளத்தில் இருக்கிறது. எந்தப் போனில் திறந்தாலும் தெரிகிறது.