அண்ணனைத் தேடிய பக்கம்

மெர்லிமாவ் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில் பாக்கியலட்சுமிக்கு ஓட்டை பார்க்கும் வேலை. காற்றடைத்த ரப்பர் கையுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தூக்கிக் கூடையில் எறிந்துவிடுவாள். இவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்லுவான். அப்படிப்பட்டவள்தான் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒரு பெரிய ஓட்டையைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். நினைத்தால் வயிறு எரிகிறது.

அவள் பிறந்தது அஞ்சாங்கட்டை ரப்பர் எஸ்டேட்டில். அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆயுசு பூராவும் பால்மரம் வெட்டிய அப்பா அங்கமுத்துவுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. குடும்பமே இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. அவளை மட்டும் அவசர அவசரமாகத் தம்புசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் குணத்தை யாரும் விசாரிக்கவில்லை, ஐசி குடிமக்களுக்கான நீலமா என்று மட்டும் கேட்டார்கள்.

துறைமுகத்தில் அண்ணன் முனியாண்டி, "அழாத பாக்கி. எப்படியாச்சும் உன்ன வந்து பாப்பேன்" என்றான். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அம்மா அப்பா இருவரும் போய்ச் சேர்ந்தபின் அண்ணன் பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போய்விட்டானாம். இடையில் இவளும் வீடு மாறியதில் அவன் கடிதம் வந்து சேரவில்லை, இவள் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. இருக்கிறானா இல்லையா என்றுகூடத் தெரியாமல் தீபாவளிக்குத் தீபாவளி அழுவதுதான் மிச்சம்.

இப்படியே முப்பது வருஷம் ஓடிய நேரத்தில்தான் பட்டணத்தில் யுகேந்திரன் கம்ப்யூட்டர் கடை திறந்தான். இன்டர்நெட்டில் பக்கம் போட்டால் உலகமே பார்க்கும் என்று வாசலில் போர்டு. பாக்கியலட்சுமி அன்றைக்கே போய் நின்றாள்.

"எங்கண்ணன கண்டுபிடிக்கணும் தம்பி. முடியுமா?"

"முடியும் லா அக்கா. விலாசம் தெரியாட்டி என்ன, தேடுறதுக்குன்னே இன்டர்நெட்ல சர்ச் இருக்கு. பேரை அடிச்சா கொண்டுவந்து கொடுத்துடும்."

தமிழ்ப் பத்திரிகையில் நினைவஞ்சலி விளம்பரம் வருமே, பூ பார்டர் கட்டி, நடுவில் படம், கீழே கொட்டை எழுத்தில் பெயர், அதைப்போலவே வேண்டும் என்றாள். கோயில் திருவிழா நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்தில் அப்படியே அடித்து வாங்கினாள். அண்ணனின் பழைய படம், பெயர், எஸ்டேட் பெயர், இவள் பெயர், வீட்டு டெலிபோன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன. யுகேந்திரன் நோட்டீஸை முழுசாக ஸ்கேன் செய்து ஏற்றினான்.

"எழுத்தா அடிச்சா, தமிழ் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமாத்தான் தெரியும் அக்கா. படமா போட்டாத்தான் அழகு. கீழ இங்கிலீஷ்ல நாலு வரி அடிக்கவா?"

"எங்கண்ணன தேட இங்கிலீஷ் எதுக்கு? வேணாம்."

போதாததற்கு அவள் குரலையும் பதிந்து சேர்த்தான். "அண்ணே, நான் பாக்கி பேசுறேன். எங்கண்ணே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டாள். அந்த அழுகையும் பதிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு சம்பளம் வாங்கினால் முதல் வேலை கடைக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான். படம் பளிச்சென்று இருக்கும், குரல் கணீரென்று கேட்கும். நான் பார்க்கிறேனே, உலகமும் பார்க்காதா என்று நிம்மதியாக பஸ் ஏறுவாள். பாவி மனுஷி, கடையில் சர்ச்சில் பேரைத் தேடாமல், பக்கத்தின் விலாசத்தை நேராகத் தட்டித்தான் திறக்கிறார்கள் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டு டெலிபோன் அடித்தது.

"அத்தை, நான் அங்கமுத்து பேசறேன். மெட்ராஸ்லேர்ந்து."

அது அவள் அப்பாவின் பெயர். முனியாண்டியின் மகன், தாத்தா பெயர் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம்.

"அண்ணன் எங்கப்பா? அண்ணங்கிட்ட கொடு!"



"போன ஆடியில அப்பா போய்ட்டார் அத்தை."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பையன் அழுதுகொண்டே சொன்னான்: "என் ஆபீஸ்ல நெட் வந்ததிலேர்ந்து அப்பா தினம் கேப்பார், பாக்கி கிடைச்சாளான்னு. மெர்லிமாவ், முனியாண்டி, பாக்கியலட்சுமின்னு இங்கிலீஷ்ல எப்படியெல்லாமோ அடிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் வரலை. நேத்து அடிச்சா வருது. பார்த்தா, ஒன்றரை வருஷமா அங்கேயே இருக்கற பக்கம்!"

"அப்ப ஏன்யா கிடைக்கல?"

"எல்லாம் படமா இருந்துது அத்தை. அந்த மெஷின் படத்துக்குள்ள இருக்கற எழுத்தைப் படிக்காது, குரலும் அதுக்குக் கேக்காது. எழுத்தா அடிச்சு வச்சதை மட்டும்தான் எடுத்துக்கும். உங்க பக்கத்துல தலைப்புல 'வெல்கம்'னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்சுது. கீழே பேர், ஊரெல்லாம் இங்கிலீஷ்ல நாலு வரி இப்பதான் யாரோ சேர்த்திருக்காங்க."

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போனாள்.

"அந்த நாலு வரிய எப்ப போட்ட?"

யுகேந்திரன் முகம் செத்துவிட்டது. "போன மாசம் அக்கா. சர்ச்சுக்குப் படம் தெரியாதுன்னு ஒரு மேகசின்ல படிச்சேன். அதுவரைக்கும் சத்தியமா எனக்கும் தெரியாது லா. நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

"தெரியாதவன் எதுக்குடா போர்டு மாட்டுன?" என்று கத்தினாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தி முடித்ததும், இங்கிலீஷ் வேணாம் என்று சொன்ன தன் வாயே நினைவுக்கு வந்தது. அதற்கு யாரைத் திட்டுவது? தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

அவளைச் சமாதானப்படுத்துகிறேன் என்று அவன் அண்ணன் பெயரைத் தட்டிக் காட்டினான். "பாருங்கக்கா, இப்ப மொதல்ல வருது."

வந்தது. அண்ணன் பூ பார்டருக்குள் சிரித்துக்கொண்டிருந்தான். "எங்கண்ணே இருக்கீங்க?" என்று ஸ்பீக்கரில் அவள் குரல் அழுதது. நினைவஞ்சலிபோல வேண்டும் என்று கேட்டு வாங்கிய பார்டர்தான் அது.

பாக்கியலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் செத்துட்டாருன்னு கீழ அடி தம்பி. படமா போடாத, எழுத்தா அடி. அதையாச்சும் அந்த மெஷின் படிக்கட்டும்."