கரகத் தண்ணீருக்கு ஓர் அனுமதிக் கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். கோயில் பெயர் அச்சிட்ட தாள், நல்ல மலாய், அடியில் செயலாளர் என்று என் கையெழுத்து, அதன்மேல் ரப்பர் முத்திரை. எழுதி முடித்ததும் இரண்டு முறை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்த திமிர், வேறென்ன? அதில் கேட்டிருந்தது இவ்வளவுதான்: திருவிழா அன்று காலை, கரகம் ஜோடிக்க ஆற்றில் ஒரு குடம் தண்ணீர் எடுக்கத் தயவுசெய்து அனுமதி வேண்டும்.

மலேசியாவில் கோலா கெத்தில் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியிருந்தது. நாங்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன, மாரியம்மன் கோயில் மட்டும் ஓரமாக மிஞ்சியது. கோயிலிலிருந்து ஆற்றுக்குப் போகும் பாதையில் வேலி போட்டு, கேட் வைத்து, ஒரு காவலாளியையும் உட்கார வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி கரகத்தை ஆற்றங்கரையில்தான் ஜோடிக்க வேண்டும். குழாய்த் தண்ணீருக்கு அம்மன் வரமாட்டாள். அதற்காக யாரும் யாரிடமும் கேட்டதில்லை. வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில்கூட மேளத்தை அடித்துக்கொண்டு போனார்கள், வந்தார்கள். நான்தான் பெரிய நாகரிகக்காரி மாதிரி கேட்டு வைத்தேன்.

பதில் தேனொழுக வந்தது. எங்கள் பண்பாட்டை மதிக்கிறார்களாம், பாதுகாத்து வளர்ப்பார்களாம். புதிய சமூக மண்டபத்தில் எங்கள் உறுமியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம். ஆற்றுக்குப் போக ஆண்டில் ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, இருபது பேர். ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டும். சம்மதம் என்றால் இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட வேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் நான் லைன் லீடர். எங்கள் தர மேலாளர் ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவுக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரும் கூப்பிடுகிறார்களே என்று அவரும் என்னை "அக்கா" என்பார். அறிக்கையில் தேதி விட்டுப்போனால் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பி நீட்டுகிற ஆள். அவரிடமே சபாஷ் வாங்கிவிடலாம் என்று கேன்டீனில் என் கடிதத்தின் நகலையும் அவர்கள் பதிலையும் விரித்து வரிவரியாக விளக்கினேன்.

அவர் தட்டை ஒதுக்கிவிட்டுத் தமது ஓட்டை மலாயில் கேட்டார்: "அக்கா, இத்து சுங்கை சியாப்பா பூன்யா?" அந்த ஆறு யாருடையது?

அவர் பேச ஆரம்பித்தார். அவர் ஐனு இனத்தவர் என்பது ஏழு வருடம் கூட வேலை செய்த எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஜப்பானியர் குடியேறுவதற்கு முன்பே அந்தத் தீவில் வாழ்ந்தவர்கள். சால்மன் மீன் அவர்களுக்குச் சாமி கொடுத்த சோறு. ஆற்றில் அதைப் பிடிக்க அரசு தடை போட்டுத் தலைமுறைகள் ஆகின்றன. சடங்குக்கு மட்டும் விண்ணப்பித்தால் பிடிக்கலாம். அவர் சொன்னதை என் தமிழில் சொன்னால்: "என் அப்பா வருசா வருசம் கேட்டார். அவர்களும் வருசா வருசம் கொடுத்தார்கள். கொடுத்துக் கொடுத்தே ஆறு அவர்களுடையது ஆகிவிட்டது." இப்போது புதுச் சட்டம் வந்து, ஐனுக்கள் பூர்வகுடிகள் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பெரிய அருங்காட்சியகம் கட்டியிருக்கிறது. மீனுக்கு மட்டும் இன்னும் அனுமதி வாங்க வேண்டும். "கண்ணாடிப் பெட்டிக்குள் எங்களுக்கு நிறைய இடம்," என்று சிரித்தார்.

அந்த வாரக் கோயில் கூட்டத்தில், படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். தலைவர் அண்ணன் குதித்தார்.

"நீதானம்மா கேட்ட? குடுத்தப்புறம் ஏன் முறுக்கிக்கிற? ரெண்டு மணி நேரம் போதும்லா."

"கேட்டது என் தப்புண்ணே. அடுத்த வருசம் ஒரு மணி நேரம்பான், பத்துப் பேரும்பான். அப்புறம் பொட்டிக்குள்ள இருக்கிற உறுமியப் பாத்துட்டு வீட்டுக்குப் போங்கம்பான்."

"கேட்டைத் தொறக்கலன்னா? இந்த வருசம் கரகமே இல்லாம போச்சுன்னா ஊரு உன்னைத்தான் கேக்கும், சொல்லிட்டேன்."

பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் படிவத்தை அனுப்பவில்லை.

திருவிழாக் காலையில் நாங்கள் இருபது பேர் இல்லை. பினாங்குக்கும் கூலிமுக்கும் பிழைக்கப் போனவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். தொழிற்சாலை மேலாளரும் வந்து, வேட்டி நிற்காமல் அதன்மேல் பெல்ட் போட்டுக்கொண்டு நின்றார். காவலாளி "போராங்" என்று மலாயில் படிவத்தைக் கேட்டார். "போராங் இல்ல பாங், தண்ணி மொள்ளப் போறோம்," என்று கத்திவிட்டு நடந்தேன். பின்னால் உறுமி முழங்கியது. அத்தனை பேரைக் கண்டதும் அவர் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கினார். கரகம் ஜோடித்து முடிக்கும்போது நிறுவனத்து அதிகாரி காரில் வந்து இறங்கினார். "நீங்களே அனுமதி கேட்டு எழுதியிருக்கிறீர்களே," என்று என் முத்திரையை எனக்கே காட்டினார்.

"ஆமாம், தப்பாக எழுதிவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுங்கள்," என்றேன்.

அவர் கொடுக்கவில்லை. மேலாளர் ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டார். எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் இரண்டு வந்தது. வேலியும் இருக்கிறது, காவலாளியும் இருக்கிறார். நாங்கள் ஆண்டுதோறும் படிவமில்லாமல் ஆற்றுக்குப் போய்வருகிறோம். திருவிழாவுக்கு முந்தைய வாரம் நான் தவறாமல் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். முகப்பில் இருக்கும் பெண் படிவத்தை எடுப்பாள். அது வேண்டாம் அம்மா, நான் எழுதிய கடிதம் வேண்டும் என்பேன். அவர்களிடம் நாங்கள் கேட்பது இப்போது அது ஒன்றைத்தான்.